இரவும் நோயும்

உலகத்து உயிர்களெல்லாம் ஞாயிற்றின் வழி நிற்பவை. ஞாயிறு எழ அவை விழிக்கின்றன. ஞாயிறு மறைய அவை ஒடுங்குகின்றன. இம்மாறுதலை நுணுகி நோக்கிய நம் முன்னோர், ஒரு நாளைக் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். சிறுபொழுது ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அஃதாவது நான்கு மணி நேரம் கொண்டது. பொழுது மாறுந்தோறும் மக்கள் உள்ளத்து உணர்ச்சியும் மாறும் என்பது அவர்தம் கொள்கை. பிரிந்தோர் துயரம் மாலையில் மிகுதலைக் கூறுதற்கென்றே திருவள்ளுவர் 'பொழுதுகண்டிரங்கல்' என ஓர் அதிகாரம் வகுத்தார்.

உள்ளத்து நோயேயன்றி உடல் நோயும் பொழுதோடு தொடர்புடையதே. பகலெல்லாம் ஓடி விளையாடிய குழந்தைக்கு விளக்கேற்றும் வேளையில் காய்ச்சல் ஏறுகின்றது. மாலைவரை திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த முதியவர் நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகின்றார். பகலில் சிறிதளவே தோன்றிய பல்வலி, படுக்கையில் தலை சாய்த்ததும் பொறுக்கலாகாத அளவு பெருகுகின்றது. இவை எல்லாரும் கண்டறிந்த செய்திகள். இவற்றின் காரணம் அறியாத காலத்தில், இருளில் உலவும் தீய ஆவிகளே இவ்வாறு செய்கின்றன என்று மக்கள் அஞ்சினர். காரணம் அறிந்த இக்காலத்தில் அச்சம் நீங்குகின்றது. செய்யவேண்டுவது யாது என்பதும் விளங்குகின்றது. ஆதலின் அக்காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற் காரணம், உயிர்களின் உடலினுள்ளே ஓயாது இயங்கும் ஒரு கடிகாரம். கடிகாரம் எனினும் அதற்குச் சக்கரமும் இல்லை, முள்ளும் இல்லை. அஃது உண்டு என்பதனை மக்களுக்கு முதலில் உணர்த்தியவை செடி கொடிகளே. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவருள் ஒருவரான ஆண்டிரோஸ்தனீஸ் என்பார், இன்று பஹ்ரைன் எனப்படும் தீவில் ஒரு மரத்தைக் கண்டார். அதன் இலைகள் பகலில் விரிந்தும் இரவில் குவிந்தும் நின்றன. அது புளியமரமே என்று அறிஞர் கருதுவர். நம் ஊர்ச் சாலையோரத்துப் புளியமரத்தை அந்தி வேளையில் உற்று நோக்கின், அவர் கண்ட காட்சியை நாமும் காணலாம்.

இலைகள் ஒளியைக் கண்டு விரிந்தனவா, தாமே காலம் அறிந்து விரிந்தனவா என்னும் ஐயத்தை நெடுங்காலம் எவரும் எழுப்பவில்லை. 1729-ஆம் ஆண்டில் த மைரான் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர், தொட்டாற்சுருங்கி போன்றதொரு செடியை ஒளி புகாத இருட்டில் வைத்துப் பார்த்தார். ஆங்கும் அதன் இலைகள் பகற்பொழுதில் விரிந்தன, இராப்பொழுதில் குவிந்தன. ஞாயிற்றைக் காணாமலே அச்செடி காலத்தை அறிந்திருந்தது!

விலங்குகளின் நிலையும் இதுவே. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் மாணவரும், மதுரையை அடுத்த குகைகளில் வாழும் வெளவால்களை ஆராய்ந்தனர். குகையின் ஆழ்ந்த இருளில் கூண்டிலடைத்த வெளவாலும் நாள்தோறும் ஏறக்குறைய உரிய காலத்தில் விழித்துப் பறக்க முயன்றது. தனித்திருந்தபோது அதன் காலக் கணக்குச் சிறிது சிறிதாகப் பிறழ்ந்தது. உரிமையாய்ப் பறந்து திரியும் தன் இனத்தோடு இருந்தபோதோ, அவ்வினம் புறப்படும் வேளையோடு அதன் கணக்கும் பொருந்தி நின்றது. இம்முடிவு 1981-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மனிதனுக்கு இக்கடிகாரத்தின் தலைமை இடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ளது. இரு கண்களினின்றும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதியாக அஃது அமைந்திருக்கின்றது. கண் வழியே வரும் பகலொளி அதனை நாள்தோறும் திருத்தி அமைக்கின்றது. அத்தலைமைக் கடிகாரத்தின் ஆணைவழி, ஈரல், நுரையீரல், தோல் முதலிய உறுப்புகளில் உள்ள சிறு கடிகாரங்களும் இயங்குகின்றன. இக்கடிகாரத்தை இயக்கும் மரபணு ஒன்றைப் பழ ஈக்களில் 1984-ஆம் ஆண்டில் பிரித்தறிந்து, அதன் செயல்முறையை விளக்கிய ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர்க்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, இக்கடிகாரம் நோயோடு தொடர்புறும் வகையைக் காண்போம். நல்ல உடல்நலம் உடையார்க்கும் உடலின் வெப்பம் நாள் முழுதும் ஒரே அளவினதாய் நிற்பதில்லை. அது வைகறையில் மிகத் தாழ்ந்தும், பிற்பகலிலும் மாலையிலும் உயர்ந்தும் இருக்கும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஏறக்குறைய அரைப் பாகை செல்சியஸ் ஆகும். காய்ச்சல் கண்டவர்க்கு, நோயால் வந்த வெப்பம் இவ்வியற்கை வெப்பத்தின்மேல் ஏறி நிற்கின்றது. ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது அடித்த அலை, மட்டம் தாழ்ந்திருக்கும்போது அடித்த அலையினும் கரையில் மேலேறுதல் போன்றது இது. எனவே, காலையில் குறைவாகத் தோன்றிய காய்ச்சல் மாலையிலும் முன்னிரவிலும் மிகுகின்றது. காலையில் நெற்றி குளிர்ந்திருத்தலைக் கண்டு நோய் நீங்கிற்று என்று முடிவு செய்தல் தவறு என்பதை இதனால் உணரலாம். ஒரு மாலையும் ஓர் இரவும் காய்ச்சலின்றிக் கழிந்தபின் மகிழ்வதே முறை.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமைந்த சுரப்பிகள் இரண்டு உண்டு. அவை கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரந்து குருதியிற் சேர்க்கின்றன. உடலில் உண்டாகும் அழற்சியை, அஃதாவது வீக்கமும் வெப்பமும் வலியும் கூடிய நிலையை, அடக்கி வைக்கும் காவலர் போன்றது இப்பொருள். அது காலையில் விழிக்கும் நேரத்தையொட்டி மிகுதியாகவும், நள்ளிரவையொட்டி மிகக் குறைவாகவும் இருக்கும். காவலர் அயர்ந்த நேரத்தில் கள்வர் புகுவது போல, கார்ட்டிசால் குறைந்த நேரத்தில் அழற்சி தலையெடுக்கின்றது. மூட்டுவலி நோயாளர் சிலர் விடியற்காலையில் கைவிரல்களை மடக்க இயலாது வருந்துவதற்கு இரவில் வளர்ந்த அழற்சியே காரணமாகும்.

இரவு நோய்களுள் மருத்துவர் மிகுதியாக ஆராய்ந்தது, ஆஸ்துமா என வழங்கும் இரைப்பு நோய். சர் ஜான் பிளாயர் என்னும் ஆங்கில மருத்துவர் தாமே இந்நோயால் நெடுங்காலம் வருந்தியவர். தம் நோயைத் தாமே கூர்ந்து நோக்கி 1698-ஆம் ஆண்டில் ஒரு நூல் இயற்றினார். துயில் கொண்டபின் இரவிலே இரைப்புத் தோன்றுதலை அந்நூலில் அவர் குறித்துள்ளார். மூச்சுக்குழல்களின் அகலம் எல்லார்க்கும் விடியற்காலை 4 மணியளவில் சற்றே குறைகின்றது. நலமுடையார் இதனை உணர்வதில்லை. முன்னரே குழல் சுருங்கிய ஆஸ்துமா நோயாளர்க்கோ அச்சிறு குறைவும் பெருந்துன்பமாகின்றது. மூச்சுக்குழலை விரிக்கவல்ல அட்ரினலின் என்னும் சுரப்பும் அந்நேரத்தில் குறைகின்றது. குழலைச் சுருக்கும் நரம்பின் வலிமையோ மிகுகின்றது. படுக்கையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குப் புலப்படாத தூசுப் பூச்சிகளும், மூடிய அறையில் எரியும் கொசுவர்த்திச் சுருளின் புகையும் துன்பத்தை வளர்க்கின்றன.

உறக்கத்தாலும் படுத்தலாலுமே இவ்வாறு நேர்கின்றது எனக் கூறலாகாதோ எனின், அதற்கும் விடை கிடைத்துள்ளது. ஆஸ்துமா உடையார் பதினெழுவரை, காலத்தை அறிய இயலாத மங்கிய ஒளியில் வைத்து, அவர்தம் உறக்கமும் உணவும் நாளின் எல்லாப் பொழுதிற்கும் பரவ அமையுமாறு செய்து, அமெரிக்க ஆய்வாளர் அளந்தறிந்தனர். 2021-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு, உறக்கத்தின் பயனை நீக்கிப் பார்த்த போதும், உடலின் உட்கடிகாரமே நுரையீரலின் ஆற்றலை இரவில் தாழ்த்துகின்றது என்று காட்டிற்று.

கவுட் எனப்படும் மூட்டுநோய் மற்றொரு சான்று. யூரிக் அமிலம் என்னும் கழிவு, குருதியில் அளவு மிஞ்சி, ஊசி போன்ற நுண்படிகங்களாக மூட்டுகளிற் படிவதால் இந்நோய் தோன்றும். தாமாஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில மருத்துவரும் இந்நோயால் வருந்தியவரே. அவர் 1683-ஆம் ஆண்டில், நலமாகப் படுக்கைக்குச் சென்ற ஒருவர் இரவு 2 மணியளவில் கால் பெருவிரலில் எழும் கடுவலியால் விழித்தெழும் நிலையை எழுதினார். பகலைக் காட்டிலும், நள்ளிரவு முதல் காலை 8 மணி வரையுள்ள நேரத்தில் இந்நோய் எழும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேற்பட்டது என்று 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது. இரவில் நீர் பருகாமையும், உடலின் நடுப்பகுதியினும் கால்விரல் குளிர்ந்திருத்தலும், கார்ட்டிசால் குறைதலும் இதற்குக் காரணங்கள் எனக் கருதுவர்.

இரண்டாங் காரணம், நாம் படுக்கும் நிலை. நிற்கும்போதும் அமரும்போதும் உடலின் நீர்மங்கள் புவியீர்ப்பினால் கீழ்நோக்கி இழுக்கப்படுகின்றன. படுத்தவுடன் அவ்வொழுங்கு மாறுகின்றது. சளி பிடித்தவர்க்கு மூக்கின் பின்புறத்துச் சளி தொண்டையில் வடிந்து இருமலைத் தூண்டுகின்றது. மூக்கினுள் உள்ள குருதிக்குழாய்கள் புடைத்து மூச்சை அடைக்கின்றன. இரைப்பைப் புளிப்பு நீர் உணவுக்குழலில் எளிதாக ஏறி நெஞ்செரிச்சலை உண்டாக்குகின்றது. விழித்திருக்கும்போது நாம் அடிக்கடி விழுங்கும் உமிழ்நீர் அப்புளிப்பைக் கழுவி இறக்கும். உறக்கத்தில் உமிழ்நீர் சுரத்தலும் விழுங்குதலும் மிகக் குறைவதால், ஏறிய புளிப்பு நெடுநேரம் தங்கிப் புண்படுத்துகின்றது.

பல்வலி இரவில் மிகுதற்கும் இதுவே காரணம். பல்லின் நடுவே நரம்பும் குருதிக்குழாயும் கொண்ட மென்மையான கூழ் உள்ளது. அதனைச் சுற்றியுள்ள சுவரோ கல் போன்றது. படுத்திருக்கும்போது தலைப்பக்கம் குருதியின் அழுத்தம் மிகுகின்றது. அழற்சியுற்ற கூழ் விரிய இடமின்றி நரம்பை நெருக்குகின்றது. எழுந்து அமர்ந்தால் வலி சற்றுத் தணிவதைப் பலரும் உணர்ந்திருப்பர்.

இவற்றினும் கருதத்தக்கது இதயத்தின் ஆற்றல் குன்றியவர் நிலை. பகலில் அவர்தம் கால்களில் நீர் தேங்கி வீக்கம் காணும். இரவில் படுத்ததும் அந்நீர் குருதியோடு கலந்து மார்பை நோக்கித் திரும்புகின்றது. சோர்ந்த இதயம் அதனை வெளியேற்ற இயலாமல் தளர, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கின்றது. உறங்கியவர் ஓரிரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து, காற்றை நாடிச் சாளரத்தருகே செல்கின்றார். தாத்தாவுக்கு இரண்டு மூன்று தலையணைகள் இல்லாமல் உறக்கம் வருவதில்லை என்று வீட்டில் ஒருவர் கூறின், அதனை முதுமையின் விருப்பம் என்று விட்டுவிடாது மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

படுக்கையின் வெப்பமும் சில நோய்களை வளர்க்கும். மாலைக்குப்பின் தோலில் குருதியோட்டம் மிகுந்து தோல் வெப்பமடைகின்றது. தோலின் ஈரமும் மிகுதியாக வெளியேறுகின்றது. ஆதலின் அரிப்பு இரவில் மிகும். சொறிசிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சியால் வரும் நமைச்சல் இரவில் உறக்கத்தையே கெடுக்கும். வீட்டில் பலர் ஒருங்கே இரவில் சொறிந்துகொள்வராயின், அந்நோயை ஐயுற்று அனைவரும் ஒரே காலத்தில் மருத்துவம் செய்துகொள்ளல் வேண்டும்.

நோயை உண்டாக்கும் உயிரே பொழுதறிந்து நடத்தலும் உண்டு. யானைக்கால் நோய்க்குக் காரணமாகிய புழுவின் நுண்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் குருதிக்குழாய்களில் தங்கி, இரவில் தோலையொட்டிய குருதியில் பெருந்திரளாக வருகின்றன. சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், 1877-ஆம் ஆண்டில் அப்புழு கொசுவின் உடலில் வளர்தலைக் கண்டார். பின்னர் அது குருதியில் இரவில் தோன்றுதலையும் ஆராய்ந்து கூறினார். அப்புழுவைப் பரப்பும் கொசு நம் நாட்டில் இரவில் கடிப்பது. பகலில் கடிக்கும் கொசுக்கள் பரப்பும் பசிபிக் தீவுகள் சிலவற்றிலோ, அவ்வினப் புழு பகலில் மிகுதியாகத் தோன்றுகின்றது. இது பற்றியே நம் நாட்டில் இந்நோயை அறியும் குருதித் தேர்வு இரவில் நடத்தப்பட்டு வந்தது. இரவில் கதவைத் தட்டிக் குருதி கேட்கும் பணியாளரைக் கண்டு சிலர் சினந்தனர். காரணம் அறிந்திருப்பின் சினந்திரார்.

மூன்றாங் காரணம் நம் உள்ளம். பகலில் கண்ணுக்குக் காட்சியும், செவிக்கு ஒலியும், கைக்கு வேலையும் உள. நினைவு பல வழியிற் சென்று வலியை மறக்கின்றது. இரவில் தெரு அடங்கி, வீடும் உறங்கியபின், விழித்திருக்கும் நோயாளிக்குத் துணையாக இருப்பது அவர்தம் வலி ஒன்றே. அதன்மேல் கவனம் முழுதும் செல்ல, வலி பெருகித் தோன்றும். வலியால் உறக்கம் கெடும். உறக்கம் கெட்டதனால் மறுநாள் வலியைப் பொறுக்கும் ஆற்றல் குறையும். இவ்வலி பொய்யன்று. "எல்லாம் மனத்தின் மயக்கம்" என்று நோயாளியை இகழ்தல் அறியாமையாகும். அருகிருந்து கூறும் ஆறுதல் மொழியும் ஒரு குவளை வெந்நீரும் அந்நேரத்தில் மருந்துக்கு உறுதுணையாகும்.

நோய் எல்லாம் இரவிலேயே மிகும் என்று கொள்ளுதலும் ஆகாது. மாரடைப்பு மிகுதியாக நேர்வது காலை 6 மணி முதல் நண்பகல் வரையுள்ள பொழுதில். விழித்தெழும் வேளையில் குருதியழுத்தமும் இதயத்துடிப்பும் உயர்தல் அதற்குரிய காரணங்களுள் ஒன்று. ஆகவே, நோய்க்கு நோய் பொழுது வேறுபடும் என்பதே முடிவு.

இவ்வுண்மைகளால் நாம் பெறும் பயன் யாது? நோயின் இயல்பறிந்து நடந்தால் இரவுத் துன்பத்தைப் பெரிதும் குறைக்கலாம். நெஞ்செரிச்சல் உடையார் உறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னரே உண்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, இடப்புறம் சாய்ந்து படுத்தல் நன்று. ஆஸ்துமா உடையார் படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துதலும், புகையை விலக்குதலும், இழுப்பு மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தலும் வேண்டும். மருந்து உண்ணும் வேளையை மருத்துவர் காரணத்தோடு வகுத்திருப்பர். அதனை நாமே மாற்றுதல் கூடாது. துன்பம் எம்மணிக்குத் தோன்றிற்று, எவ்வளவு நேரம் நின்றது, எவ்வாறு தணிந்தது என்பவற்றை ஓர் ஏட்டிற் குறித்து வைத்தல் மிகுந்த பயன் தரும். மருத்துவர் நோயாளியைக் காண்பது பெரும்பாலும் பகலில். இரவில் நடந்ததை அவருக்குக் கூறும் கண்ணாக அவ்வேடு விளங்கும்.

இரவில் நோய் மிகுதல் இயல்பு என்பதனால், எல்லாவற்றையும் இயல்பென்று பொறுத்திருத்தல் பெருங்கேடு தரும். "பொழுது விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்னும் சொல்லால் இழந்த உயிர்கள் பல. ஒரு தொடரை முழுதும் பேச இயலாதபடி மூச்சுத் திணறுதல், உதடு நீலநிறம் பெறுதல், மார்பை அழுத்தும் வலி தோளுக்கும் தாடைக்கும் பரவி வியர்த்தல், முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் ஒன்று செயலிழத்தல், நாக்குழறுதல், காய்ச்சலுற்ற குழந்தை வலிப்புக் காணுதல் அல்லது எழுப்பியும் விழியாமல் மயங்கிக் கிடத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியலை எதிர்நோக்கலாகாது. நம் மாநிலத்தில் 108 என்னும் எண்ணை அழைத்தால் இரவிலும் மருத்துவ ஊர்தி வரும். அதற்குக் கட்டணம் இல்லை.

வீட்டு முதியோர் பலர், பிள்ளைகளின் உறக்கம் கெடுமே என்றெண்ணி, தம் துன்பத்தை இருளிலேயே தாங்கிக்கொள்வர். அஃது அவர்தம் அன்பின் இயல்பு. அவ்வன்புக்கு நாம் செய்யும் கைம்மாறு ஒன்று உண்டு. "இரவு எந்நேரமாயினும் என்னை எழுப்புங்கள்" என்று படுக்குமுன் அவரிடம் கூறிவைத்தலே அது. கூறியதோடு அமையாது, இருமலோ முனகலோ கேட்டால் எழுந்து சென்று விளக்கேற்றி, அருகில் அமர்ந்து, உற்றது கேட்டறிதல் இளையோர் கடமையாகும். இரவின் நீளம் உறங்குவோர்க்குத் தெரிவதில்லை. நோயுற்று விழித்திருப்போர்க்கே அது தெரியும். அவ்விரவில் அவருக்குத் துணையாயிருத்தல் கற்றவர் கல்விக்கு அழகு.